தகவலாளர் அ

அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வையி பிள்ள. ஒண்ணும் இல்ல, அதோட கேமராக் கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருக்கு, அதான் கேட்டேன். பதிவு கிதிவு எதுவும் ஓடலையே? சிரிக்காத. அனுபவப்பட்டவ கேக்கேன். நீ எங்க எறங்குற? சரி, எனக்கு அதுக்கு முந்தின ஸ்டாப்பு, யுனிவர்சிட்டி வாசல். நீ அங்க படிக்கலையே? வேலை கீல பாக்கலையே? பல்லாஸ்பத்திரியா? அப்பச் சரி. பல்லு பிடுங்குறவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல.

நீதான் கேட்ட, இந்த வயசுல யுனிவர்சிட்டிக்கு எதுக்குப் பாட்டின்னு. பாட்டின்னு சொல்லாத, அத்தைன்னு சொல்லு. சொல்லுதேன். பாதி வழி தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்னு நினைக்காத, இது கொஞ்சம் நீளம்.

எங்க வீட்டுக்காரவிய காலேஜில தமிழ் புரபசரா இருந்தாவ. சும்மா பாடம் நடத்துற புரபசர் இல்ல. ஊர் ஊராப் போயி ஜனங்க பேசுற பேச்சைப் பிடிச்சுட்டு வார வேலை. தென்காசிக்காரி என்ன சொல்லுதா, தூத்துக்குடிக்காரன் என்ன சொல்லுதான், ஒரே சாமானுக்கு ஆத்துக்கு இந்தக் கரையில ஒரு பேரு, அந்தக் கரையில வேற பேரா, இப்படி. அதுக்குப் பட்டம் குடுத்திருக்காங்க, பொன்னாடை போத்தியிருக்காங்க. யாரு வாயத் தெறந்தாலும் அவிய காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பாவ. மோர்க்காரி வந்தா வாசப்படியில உக்காந்துருவாவ. செருப்புத் தைக்கிறவரு, கிளி சோசியக்காரன், ஒருத்தரையும் விடுறதில்ல. நான் பேசினா மட்டும் தலை நிமிராது. நான் அடுப்படியில நின்னு கத்திக்கிட்டு இருப்பேன், அவிய சாப்பாட்டு மேசையில குனிஞ்சு எழுதிக்கிட்டு இருப்பாவ. "காதுல விழுதா?"ம்பேன். "ம்"பாவ. அவ்வளவுதான். பொறவு எழுதப் போயிருவாவ.

கடைசிக் காலத்துல காது வேற கேக்கலன்னுட்டாவ. டாக்டர் எழுதிக் குடுத்தாரு, மெசினும் வாங்கினோம். எனக்கு நம்பிக்கை இல்ல. முப்பது வருசமா பொண்டாட்டி பேச்சைக் கேக்காத காதுக்குப் புதுசா என்ன செவிடு? எல்லாம் சாக்கு.

சாகுறதுக்கு முந்தின வருசம் நான் எங்க தம்பி மகள் கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்தேன். திரும்பி வந்து பாக்கேன், மாடி ரூம்பு காலி. அலமாரி தெறந்து கெடக்கு, உள்ள ஒரு துண்டுத் தாள் இல்ல. எதிர்வீட்டுக்காரி சொல்லுதா, வேன் வந்துச்சு, பெட்டி பெட்டியா ஏத்தினாங்கன்னு. அவியள்ட்ட கேட்டேன். "யுனிவர்சிட்டியில தாளெல்லாம் பாதுகாத்து வைக்காங்க, குடுத்துட்டேன்"னாவ. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்லான்னேன். "ஒனக்கு எதுக்கு அந்தத் தூசி"ன்னாவ. நீயே சொல்லு பிள்ள. பொண்டாட்டி ஊர்ல இல்லாத நாளாப் பாத்து ஒரு ஆம்பிள அலமாரியக் காலி பண்ணினா, அது தூசிக்காகவா இருக்கும்?

அதை மனசுல போட்டு வெச்சிருந்தேன். அவியளும் போய்ச் சேந்துட்டாவ.

போன ஆவணி மாசம் யுனிவர்சிட்டியில இருந்து ஆள் வந்தாங்க. ஆவணக்காப்பகம்னு புதுக் கட்டடம் தெறக்கோம், சாரோட தாளெல்லாம் அங்கதான் இருக்கு, நீங்க வந்து விளக்கேத்தணும்னு. போனேன். ஏசி ரூம்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையா வெள்ளை அட்டைப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் அவிய பேரு. மத்தப் பெட்டிக்கெல்லாம் சும்மா மூடி. ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் குறுக்கும் நெடுக்கும் நாடா கட்டி முத்திரை வெச்சிருந்துச்சு. நான் கிட்டப் போயி வாசிச்சேன். நாலாங்கிளாஸ் படிச்சவதான், ஆனா எழுத்துக் கூட்ட மாட்டேன், கடகடன்னு வாசிப்பேன். என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? "தகவலாளர் அ. பெண். 1979 முதல் 2011 வரை. தகவலாளர் உயிருடன் இருக்கும்வரை அவர் சம்மதமின்றித் திறக்கலாகாது."

எங்களுக்குக் கல்யாணம் எழுவத்தெட்டு தையில.

அங்க வேலை பாக்குற பிள்ள ஒண்ணு, ஜெபக்கனின்னு பேரு, ஒல்லியா கண்ணாடி போட்டு, பாவம் போல இருக்கும். அதைக் கூப்பிட்டேன். தகவலாளர்னா யாருன்னேன். "ஆராய்ச்சிக்காகப் பேசிக் குடுக்கிறவங்கம்மா. அவங்க பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு அ, ஆ, இ-ன்னு போட்டு வைப்பாங்க"ன்னுச்சு. இந்த அ யாருன்னேன். தெரியாதுன்னுச்சு. பேரு ஒரு கவர்ல ஒட்டி டைரக்டர் பீரோவுல இருக்காம். அவ உயிரோட இருக்காளான்னு கேட்டேன். "இறந்ததாத் தகவல் இல்லம்மா. அதுவரைக்கும் இருக்காங்கன்னுதான் அர்த்தம்"னுச்சு. எனக்குப் போத்தின பொன்னாடைய அங்கனயே நாற்காலியில போட்டுட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் தனியாப் போனேன். வாசல்ல ஒரு தடியன் உக்காந்து யாரோட தொகுப்பு பாக்கணும்னு கேக்கான். வீட்டுக்காரவிய பேரை வாயால எப்படிச் சொல்ல? சுசீந்திரத்துச் சாமி பேருப்பான்னேன். அவன் முழிக்கான். பொறவு செவத்துல மாட்டியிருந்த பலகையில அவிய பேரைத் தொட்டுக் காட்டினேன். பையைப் பிடுங்கி அலமாரியில பூட்டிட்டான். வெத்தலையத் துப்பிட்டு வரச் சொல்லுதான். கையைக் கழுவச் சொல்லுதான். பேனா கூடாது, பென்சில்தானாம். பென்சிலு எதுக்குன்னு நினைக்கிற? அழிச்சு எழுதத் தோதா இருக்கும்லா.

அப்படியே வாரா வாரம் போக ஆரம்பிச்சேன். வேற பெட்டியெல்லாம் கேட்டு வாங்கி மேசையில வெச்சுக்கிட்டு, கண்ணை மட்டும் அந்த நாடாப் பெட்டி மேல வெச்சிருப்பேன். அவங்க செய்றதெல்லாம் பாத்தா யாருக்கும் சந்தேகம் வரும் பிள்ள. அவிய குத்தி வெச்ச குண்டூசி, கிளிப்பு எல்லாத்தையும் ஒண்ணுவிடாம உருவி எடுக்காங்க. கேட்டா துருப் பிடிச்சுத் தாளைத் தின்னுருமாம். ஊசிய உருவினா தாளு தனித்தனியாப் போகும், ஒண்ணு கொறைஞ்சா யாரு கண்டா? தாளை மூட்டையாக் கட்டிக் குளிர்பெட்டியில வேற வைக்காங்க. பூச்சி சாகவாம். ஜெபக்கனி எனக்கு டீ வாங்கிக் குடுத்துச்சு ஒரு நாளு. என்னை எழுப்பி வெளிய அனுப்பத்தான்னு தெரிஞ்சு, டீய வெளிய வெச்சுட்டு உடனே உள்ள வந்துட்டேன். அதுக்கு மொகம் வாடிப் போச்சு. எனக்கு அப்ப இரக்கமெல்லாம் வரல.

யாரு அந்த அ-ன்னு எனக்கு ஒரு ஊகம் இருந்துச்சு. காலேஜில அவிய கூட வேலை பாத்தா மங்களநாயகின்னு ஒருத்தி. ரெண்டு பேரும் சேந்துதான் டேப்பைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போவாங்க. அவிய செத்த துட்டிக்கு வந்தவ என்னைவிடச் சத்தமா அழுதா. நான் அன்னைக்கே கவனிச்சு வெச்சேன். மகராஜ நகர்லதான் வீடு. நேரா போயிட்டேன். மூட்டுவலியில ரெண்டு காலையும் ஸ்டூல்ல நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் சுத்தி வளைக்கல. "அந்த அ நீதானே?"ன்னு கேட்டேன்.

அவ சிரிக்கா பிள்ள. "நானா இருந்தா எனக்குப் பெருமைதான் அக்கா. நாங்களே முப்பது வருசமா அவருகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தோம், யாரு சார் இந்தத் தகவலாளர் அ-ன்னு. கருத்தரங்குல அவ பேச்சை வாசிச்சுக் காட்டுவாரு. அவ கோவம், அவ கேலி, அவ சண்டை. நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்போம். எங்களையும் கூட்டிட்டுப் போங்க சார்னு கெஞ்சுவோம். 'வெளியாளைக் கண்டா பேச மாட்டா'ம்பாரு. கூட்டிட்டே போனதில்ல."

சரி, அப்ப ஒருத்தி உண்டுன்னு ஆயிட்டு. நான் எந்திரிச்சேன். அவ விடல. "ஒண்ணு சொல்லுதேன் அக்கா, தப்பா எடுத்துக்காதிய. அந்த அ பேச்சை வாசிக்கும்போது அவரு மொகமே வேற மாதிரி இருக்கும்"னா.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பத்த வைக்கல அன்னைக்கு. செத்தவிய மேல கோவப்பட்டா எங்க கொண்டு போயி வைக்க? இருந்திருந்தா கேட்டிருப்பேன். ஏங்க, என் வாயி நாறுச்சா, அவ வாயி மணந்துச்சான்னு கேட்டிருப்பேன். படத்துக்கு முன்னால நின்னு கேட்டேன். படத்துலயும் அதே "ம்" மொகம்தான்.

விடக் கூடாதுன்னு முடிவு பண்ணி, பெட்டியத் தெறந்து காட்டச் சொல்லி மனு எழுதிக் குடுத்தேன். திருமதி தாணுமாலயன்னு கையெழுத்துப் போட்டேன். வாயால சொல்லத்தான் கூடாது, எழுதினா தோசமில்ல. ஜெபக்கனி சொல்லிச்சு, "கமிட்டி கூடி அந்தக் கவரைப் பிரிச்சு, அந்த அம்மாகிட்ட சம்மதம் கேட்டுத்தான் தெறப்போம். அவங்க மாட்டேன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா"ன்னு. அவ எப்படிச் சம்மதிப்பா? ஒரு புருசனோட பொண்டாட்டி பாக்கணும்ங்கா, அந்தப் புருசனோட பேசினவ சரின்னு சொல்லுவாளா? ஆனா ஒண்ணு, அவளுக்காவது தெரியட்டும், நான் கண்டுபிடிச்சுட்டேன்னு. அந்த நினைப்புதான் எனக்கு.

ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் காலையில வீட்டுல அந்தப் பழைய போன் அடிக்கி. வயர் போன். அவிய போன பொறவு அது அடிச்சதே இல்ல, ஏன் வெச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. எடுத்தேன்.

"உலகம்மை அவங்களாம்மா?" ஆம்பிளக் குரலு.

ஆமான்னேன்.

"அம்மா, ஆவணக்காப்பகத்துல இருந்து பேசுதேன். டாக்டர் தாணுமாலயன் சார் தொகுப்புல நீங்க ஒரு தகவலாளரு. ஒங்க பெட்டியத் தெறந்து பாக்கணும்னு ஒரு அம்மா மனு குடுத்திருக்காங்க. அதுக்கு ஒங்க சம்மதம் வேணும்."

எனக்கு ஒண்ணும் பிடிபடல. "எந்த அம்மா?"ன்னேன்.

"சாரோட சம்சாரம்மா." குரலைத் தாழ்த்திக்கிட்டான். "வாரா வாரம் வந்து எங்க உயிரை எடுக்காங்க. கொஞ்சம் ஒரு மாதிரி. ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, நாங்களும் நிம்மதியா இருப்போம்."

நீ சிரிக்கிற. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல பிள்ள. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். மொதல்ல நான் நினைச்சது என்ன தெரியுமா? நம்பர் மாறிப் போச்சு, அவளுக்குப் போட வேண்டியதை எனக்குப் போட்டுட்டான்னுதான். ஆனா உலகம்மைன்னு என் பேரைச் சொல்லுதானே. "அந்தக் கவர்ல என்ன எழுதியிருக்கு, அப்படியே வாசி"ன்னேன்.

"தகவலாளர் அ: உலகம்மை. பிறந்த ஊர் தென்காசி. தொலைபேசி..."ன்னு இந்த நம்பரைச் சொன்னான்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

மனைவின்னு எழுதல பாத்தியா. ஊரு இருக்கு, நம்பரு இருக்கு, உறவு இல்ல. அதுல ஒரு கோவம் வந்துச்சு எனக்கு, அதுதான் என்னை எழுப்பி நிப்பாட்டுச்சு. "அந்த அம்மா பாக்கட்டும், எனக்குச் சம்மதம். நானும் கூடவே வாரேன்"னு சொல்லிட்டுப் போனை வெச்சேன்.

போயி நான்தான் உலகம்மைன்னதும் அந்தப் போன் பண்ணினவன் மொகத்தை நீ பாத்திருக்கணும். நாற்காலிக்குப் பின்னால ஒளிய எடமில்லாம நிக்கான். ஜெபக்கனி கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுத் தொடைச்சு மாட்டுது.

பெட்டியத் தெறந்தாங்க. ஒரு பக்கம் கேசட்டு. ஒரு பக்கம் சின்னச் சின்ன அட்டை, அகர வரிசையா அடுக்கி. எல்லாம் அவிய கையெழுத்து. ஜெபக்கனி ஒரு கேசட்டைப் போட்டுக் காதுல மாட்டி விட்டுச்சு. உள்ள ஒருத்தி கத்துதா. பாத்திரத்தைப் போடுற சத்தம். "இந்த வீட்டுல நான் ஒருத்திதான் மனுசி, மத்ததெல்லாம் செவரு"ங்கா. யாருடா இந்த வாயாடின்னு ஒரு நிமிசம் நினைச்சேன். பொறவுதான் தெரிஞ்சுச்சு. இருபத்தஞ்சு வயசுல எனக்கு அப்படி ஒரு கணீர்க் குரலு இருந்திருக்கு. எங்க அடுப்படி ஜன்னல்ல ஒரு டேப் ரெக்கார்டர் எப்பவும் இருக்கும். பாட்டு கேக்க வெச்சிருக்காவன்னு நான் தினமும் அதைத் தொடைச்சு வைப்பேன்.

"கேக்காம எடுத்தா இது களவுதானே?"ன்னு ஜெபக்கனிகிட்ட கேட்டேன். "ஆமாம்மா"ன்னுச்சு. "அது அவருக்கும் தெரிஞ்சிருக்கும். அதனாலதான் சாவி ஒங்க கையில இருக்கட்டும்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

அட்டைய எடுத்து வாசிச்சேன். ஒவ்வொண்ணுலயும் நான் சொன்னது, எப்பச் சொன்னேன், அதுக்கு அவிய கண்ட அர்த்தம். "கொள்ளையில போற மனுசன்"னு ஒண்ணு. கீழ என்ன எழுதியிருக்காவ? "நான் நேரங்கழித்து வரும்போது. பொருள்: கூறுபவர் இன்னும் சாப்பிடவில்லை." இன்னொண்ணு, "ஒங்களுக்கு வந்து வாக்கப்பட்டேனே." அதுக்கு, "வாரம் இரு முறை. பெரும்பாலும் பால் பொங்கும்போது. வருத்தம் இல்லை." எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வருத்தம் இல்லன்னு இவிய எப்படிச் சொல்லலாம்? பாதி நாளு நான் வருத்தப்பட்டுத்தான் சொன்னேன். "சவத்தெளவு"ன்னு எதுக்கெடுத்தாலும் நான் ஏசுறதுக்கு மட்டும் ஏழெட்டு அர்த்தம் எழுதியிருக்காவ, அத்தனையும் சரி. அதையும் ஒத்துக்கிடணும்லா.

குனிஞ்ச தலை நிமிராம எழுதினது இதைத்தான் பிள்ள. பாடக் குறிப்புன்னு நினைச்சேன். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல ஏன் நின்னு போச்சுன்னா, அந்த வருசந்தான் டாக்டர் காதுக்கு மெசின் எழுதிக் குடுத்தாரு. கடைசி அட்டையில போட்டிருக்காவ, "இனி சரியாகக் கேட்கவில்லை. ஊகித்து எழுதுவது முறையன்று." நான் அதுக்குப் பொறவும் எத்தனை வருசம் சாக்குன்னு சொல்லி ஏசினேன். கேக்காதுன்னு தெரிஞ்சே பக்கத்துல வந்து உக்காருவாவ.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரல. அவிய வெச்சிருந்தது என்னையா, என் பேச்சையா? மங்களநாயகி சொன்னாளே மொகம் வேற மாதிரி இருக்கும்னு, அது எனக்காகவா, நல்ல சரக்கு கிடைச்ச சந்தோசமா? ஜெபக்கனிகிட்ட கேட்டேன். அதுக்கு எங்களுக்குப் பதில் தெரியாதும்மான்னுட்டு. நல்ல பிள்ள. பொய் சொல்லத் தெரியல அதுக்கு. அன்னைக்கு மறுபடியும் டீ வாங்கிக் குடுத்துச்சு, குடிச்சேன்.

அப்படி வாசிச்சுக்கிட்டே வாரப்பதான் அந்த அட்டை வந்துச்சு.

தொண்ணூத்திரெண்டுல ஆத்துல வெள்ளம் வந்துச்சே, நீ பொறந்திருக்க மாட்ட. அவிய அப்ப ஆத்தோரம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தாவ, பேச்சுப் பிடிக்க. ராத்திரியோட ராத்திரியா தண்ணி ஊருக்குள்ள வந்துட்டு. பாலத்து மேல தண்ணி போகுது. ரெண்டு நாளா ஆளைக் காணும். போன் இல்ல, பஸ் இல்ல. நான் கொக்கிரகுளம் ஆத்தங்கரையில போயி நின்னேன். மாடு மெதந்து போகுது, கூரை மெதந்து போகுது. ஒரு பொணம் ஒதுங்கியிருக்கு, நாப்பது வயசு ஆம்பிளன்னு சொன்னாங்க. போயிப் பாத்தேன் பிள்ள. துணிய விலக்கிப் பாத்தேன். அவிய இல்ல. அதை இந்த நாள் வரைக்கும் நான் யார்ட்டயும் சொன்னதில்ல, அவியள்ட்டயும் சொல்லல.

மூணாம் நாளு வாசல்ல வந்து நிக்காவ. மேலெல்லாம் சேறு, கண்ணு உள்ள போயிக் கெடக்கு. அந்த டேப்பைப் பிளாஸ்டிக் பையில சுத்தித் தலையில வெச்சிருக்காவ, அது மட்டும் ஒரு சொட்டு நனையல. பாத்ததும் எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. "ஆத்தோட போயிருக்கலாம்லா, இங்க எதுக்கு வந்திய?"ன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு உள்ள போயி வெந்நி போட்டேன்.

அதையும் எழுதி வெச்சிருக்காவ. வாசலில், வெள்ளத்திலிருந்து திரும்பிய அன்றுன்னு. கீழ, "பொருள்: சொன்னதே. இது வசை அன்று." சந்தேகம் இருக்குற எடத்துலயெல்லாம் ஓரத்துல ஒரு கேள்விக்குறி போடுவாவ. இதுல அதுவும் போடல.

அத்தனை ஏச்சுக்கும் சரியா அர்த்தம் கண்டவிய. நான் வாய்க்கு வந்தபடி பேசினதுக்குள்ள இருந்த பசியக்கூடக் கண்டுபிடிச்சவிய. இந்த ஒண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கிட்டாவ. அதுக்குப் பொறவுதான் அவிய மாறினது. அதுவரைக்கும் "ஏட்டி, காபி"ன்னு அதட்டுவாவ. வெள்ளத்துக்குப் பொறவு "காபி இருக்கா"ன்னு கேப்பாவ, வேத்து வீட்டுல கேக்குற மாதிரி. லேட்டானா வாசல்ல நின்னு தொண்டையச் செருமிட்டுத்தான் உள்ள வருவாவ. ஒரு ஆம்பிள இப்படித் திடீர்னு பணிஞ்சு போனா பொண்டாட்டி என்ன நினைப்பா? வெளிய எங்கயோ தப்பு பண்ணுதாவன்னு நினைச்சேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் எனக்குச் சந்தேகம். தான் வேண்டாத ஆளுன்னு நினைச்சுக்கிட்டு என் வீட்டுல இருபத்தேழு வருசம் சாப்பிட்டிருக்காவ பிள்ள. நான் சட்டையில முடி இருக்கான்னு தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஜெபக்கனிகிட்ட அந்த அட்டையக் குடு, திருத்தி எழுதித் தாரேன்னேன். பயந்து ரெண்டு கையாலயும் பொத்திக்கிடுச்சு. "அத்தை, அதுல யாரும் கை வைக்கக் கூடாது. தப்பா இருந்தாலும் அவரு எழுதினது எழுதினபடிதான் இருக்கணும்." அப்பத் தப்பு அப்படியே நிலைச்சுப் போயிருமேன்னேன். "நீங்க ஒங்க பக்கத்தைச் சொல்லுங்க. பதிவு பண்ணி இதே பெட்டியில, அந்த அட்டைக்குப் பக்கத்துலயே வெச்சிருவோம். நாளைக்குப் பாக்குறவங்க ரெண்டையும் சேத்துப் பாப்பாங்க"ன்னுச்சு. நாளைக்குப் பாக்குறவன் எவனோ. பாக்க வேண்டியவிய போயிட்டாவளே. இருந்தாலும் சரின்னேன். அந்தப் பெட்டியில அது ஒண்டியாக் கெடக்கக் கூடாதுன்னு தோணிச்சு.

அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். ஆரம்பிக்கும்போது நல்லாத்தான் ஆரம்பிக்கேன். நடுவுல அந்த டேப்பு நனையாம இருந்தது ஞாபகம் வந்துருது, ஒடனே வாயில ஏச்சு வந்துருது. எந்த மனுசனாவது உயிரை விட்டுட்டு டேப்பைத் தூக்கிக்கிட்டு வருவானா? பாரு, இப்பக் கூட.

போன தடவை கெளம்பும்போது அட்டையில இன்னொண்ணு தேடினேன். பா வரிசைக்கு முந்தி, ப-வுல. பசி இருக்கு. பல்லி இருக்கு. பழி இருக்கு. பயம் இல்ல. திருப்பித் திருப்பித் தேடினேன், கீழ விழுந்திருக்கான்னு மேசைக்கு அடியிலயும் பாத்தேன். அவிய விட்டிருக்க மாட்டாவ பிள்ள, நான் தும்மினதைக்கூட எழுதினவிய. முப்பத்திரெண்டு வருசத்துல நான்தான் அதைச் சொல்லவே இல்ல.

டிரைவர் தம்பி, யுனிவர்சிட்டி ஒண்ணு இருக்கு, நிப்பாட்டணும். கொஞ்சம் காலை மடக்கு பிள்ள, வெளிய வாரேன். இரு, எறங்குறதுக்கு முந்தி ஒரு தடவை சொல்லிப் பாத்துருதேன், நீ கேளு. "நீங்க போயிட்டியளோன்னு நான் பயந்துட்டேங்க. ஆத்தங்கரையில போயி நின்னேன். பொணத்தைப் போயிப் பாத்தேன். அவ்வளவு பயம்." இது ஏசுற மாதிரியா கேட்டுச்சு? இல்லைல்லா? நெசமாச் சொல்லு. அப்பச் சரி.